எண்பத்துநாலு சாக்கு

அன்றைக்குக் காலை ஏழு மணிக்கே என் தையல் கடை வாசலை மறித்துக்கொண்டு லாரி வந்து நின்றது. முப்பத்திரண்டு வருடமாக மலையாளக் கரையில் இந்தப் பொன்னானியில் கடை வைத்திருக்கிறேன், என் வாசலை மறிக்காமல் ஒரு லாரியும் இந்தத் தெருவில் நின்றதில்லை. வழக்கமாக டிரைவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் கத்திரியைக் கையில் எடுப்பேன். அன்று வாயைத் திறக்கவில்லை. எதிரே இருக்கும் மியூசியத்தில் சாயங்காலம் நாலு மணிக்குத் திறப்பு. எனக்கே இருப்புக் கொள்ளாமல் இருந்தது.

அது முன்பு அரிசியும் கொப்பரையும் அடுக்கிய பழைய பண்டகசாலை. சர்க்கார் முப்பது வருடமாக வாங்கிச் சேர்த்த புதுக்காலத்து ஓவியங்களும் சிற்பங்களும் அதன் பின்கட்டில் துணி போர்த்திக் கிடந்தன. வருடத்துக்கு ஒருமுறை பத்துப் பதினைந்தை வெளியே எடுத்து மாட்டுவார்கள், ஒரு மாதத்தில் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டுவார்கள். இப்போது கூரையை மாற்றி, சுவரைப் பூசி, நூற்று நாற்பது உருப்படிகளையும் இனி ஒருபோதும் இறக்காதபடி மாட்டியாயிற்று. எங்கள் ஊர்க்காரர்கள் வரைந்தது, எங்கள் கடற்கரையைப் பார்த்து வரைந்தது, என்னவென்றே புரியாதது எல்லாம் அதில் உண்டு.

அத்தனையும் உள்ளே போனது கோயாமுவின் தோளில்தான். இந்த ஊரில் லாரியில் ஒரு தீப்பெட்டி வந்தாலும் யூனியன் ஆட்கள்தான் இறக்க வேண்டும். நீலச் சட்டை போட்ட ஆறு பேரில் அவர்தான் தலைவர். அந்தச் சட்டைகளைத் தைத்தது நான். அவருக்கு மட்டும் வலது தோளில் இரட்டைத் துணி வைத்துத் தைப்பேன், அப்படியும் நாலு மாதத்தில் கிழிந்துவிடும்.

அவர் மனைவி சுஹறா அதே மியூசியத்தில் ஆறு வருடமாகத் துப்புரவு வேலை செய்துவந்தாள். அதற்கு முன் இறால் உரிக்கும் கொட்டகையில் இருந்தாள். திறப்புக்கு முந்தைய மாதம், மாட்டும் வேலை நடக்கும்போதே ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வந்திருந்தபோது, அதிகாரி ஸ்ரீகண்டன் போனில் மாட்டிக்கொண்டார். அவர் திரும்பி வருவதற்குள் சுஹறா துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு நாலு படங்களுக்கு விளக்கம் சொல்லி முடித்திருந்தாள். பிள்ளைகள் நகரவே இல்லையாம். ஸ்ரீகண்டன் கதவோரம் நின்று கேட்டுவிட்டு அன்றே சொன்னார்: திறப்பு நாளில் முதல் கூட்டத்தைச் சுற்றிக் காட்டுவது நீங்கள்தான், அது நன்றாக நடந்தால் மறுநாளிலிருந்து வழிகாட்டி வேலை, துடைப்பத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் வேறு பேச்சில்லை. என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் எனக்கும் வேறு பேச்சில்லை. கோயாமு சோறு தின்ன உட்கார்ந்தால் போதும், சுஹறா கரண்டியை நீட்டிக்கொண்டு ஆரம்பித்துவிடுவாள்.

"இந்தப் படத்துல இருக்கறவளுக்கு முகத்தைவிடக் கை பெருசா இருக்கே, ஏன்னு கேப்பீங்க."

"நான் கேக்கலையே."

"கேக்கணும். பாக்க வர்றவங்க கேப்பாங்க."

"சரி கேட்டேன். மீனை இந்தப் பக்கம் தள்ளு."

"நாள் பூரா இறால் உரிச்சவளுக்கு சாயங்காலமானா கை மட்டும்தான் இருக்கும். முகம்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோகும். வரைஞ்ச மனுஷன் அதைப் பாத்திருக்காரு. நானும் உரிச்சவதானே, எனக்குத் தெரியும்."

"அது பதினாலு கிலோ. கீழ் மூலையில ஆணி ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்துச்சு, கழுத்துல கீறிடுச்சு."

"படத்தைப் பாத்தீங்களா இல்லையா?"

"பாக்கறதுக்கு எனக்கென்ன தனிக் கூலியா?"

இப்படித்தான் போகும். ஆனால் மறுநாள் சாயாக்கடையில் அதே கோயாமு, "என் வீட்டுக்காரி ஒரு விஷயம் சொன்னா கேளுங்க, அந்தப் பெரிய கைக்காரி படம் இருக்கே..." என்று ஆரம்பிப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

லாரி விஷயத்துக்கு வருகிறேன். முன் ஹாலில் மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. ரோசிலி டீச்சர் என்ற சிற்பியிடமிருந்து கடைசியாக வாங்கிய உருப்படி அங்கே வரவேண்டும். அதுதான் அந்த லாரி. டீச்சர் ரயிலில் வருவதால் ஸ்ரீகண்டன் ஆறரை மணிக்கே குட்டிப்புரம் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். போகும்போது சுஹறாவிடம், "லாரி வந்தா முன் ஹால்ல இறக்கச் சொல்லுங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம், டீச்சர் வந்து பாத்துக்குவாங்க" என்றார்.

சுஹறா அதைக் கோயாமுவிடம் சொன்னாள். சொல்லும்போதே அவள் கண் மாடிப்படியில் இருந்தது. கடைசியாக ஒருதரம் எல்லாப் படத்துக்கும் முன்னால் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும் அவளுக்கு. "முன் ஹால்ல இறக்கணுமாம். விலை உசந்த சாமான், பாத்துச் செய்யுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே ஓடினாள். மற்றதை விழுங்கிவிட்டாள்.

லாரியின் தார்ப்பாயை விலக்கியதும் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டி இல்லை, சட்டம் இல்லை. எண்பத்துநாலு கோணிச் சாக்குகள்.

"மியூசியத்துல ரேஷன் கடை திறக்கறாங்களா?" என்றான் வேலாயுதன். கோயாமுவின் கூட்டாளிகளில் வாய் நீளமானவன் அவன்தான்.

கோயாமு ஒரு சாக்கைத் தோளில் ஏற்றிப் பார்த்தார். ஐம்பது கிலோ சாக்கின் உயரம், ஆனால் பதினைந்துகூடத் தேறாது. "உமி" என்றார். அப்போதுதான் கிழிசல்களைப் பார்த்தார். ஒன்று வயிற்றில் கிழிந்திருந்தது, ஒன்று வாயோரம், ஒன்று அடியில். லாரித் தரையெல்லாம் உமி.

"யாரோ படுபாவி கொக்கி போட்டு இழுத்திருக்கான்" என்று பல்லைக் கடித்தார். "எந்த ஊர்ல ஏத்தினானுங்களோ. நம்ம இறக்கின இடத்துல கிழிஞ்சு கிடந்தா நம்ம பேரைத்தான் சொல்லுவாங்க. அதுவும் இன்னைக்கு, சுஹறா நிக்கப் போற ஹால்ல."

என் கடைக்கு வந்து கோணி ஊசி கேட்டார். நான்தான் கொடுத்தேன். ஒன்றல்ல, இரண்டு ஊசி, ஒரு கண்டு சணல் நூலும். அதை மறைத்து இப்போது என்ன ஆகப்போகிறது.

அவர்கள் வேலை செய்ததை நான் தையலை விட்டுவிட்டுப் போய் நின்று பார்த்தேன். அப்படி ஒரு வேலையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. லாரியில் சிந்திய உமியை ஒரு பிடி விடாமல் கூட்டி அள்ளி, எந்தச் சாக்கு இளைத்திருந்ததோ அதில் கொட்டினார்கள். கிழிந்திருந்த இருபத்துமூன்றையும் கோயாமு உட்கார்ந்து தைத்தார். தையல்காரன் நான் சொல்கிறேன், குறை சொல்ல முடியாத தையல். பிறகு ஹாலின் நட்ட நடுவில் அட்டி போட்டு அடுக்கினார்கள். ஒரு வரிசையில் நீளவாக்கில் வைத்ததை அடுத்த வரிசையில் குறுக்கில் வைத்து, சாக்கின் வாயெல்லாம் உள்பக்கம் பார்க்க, வரிசைக்குப் பன்னிரண்டாக ஏழு வரிசை. நாலு மூலையும் நூல் பிடித்த மாதிரி நின்றது. கடைசியாக வேலாயுதன் தரையைத் துணி போட்டுத் துடைத்தான், தன் வீட்டுத் தரையை ஒரு நாளும் துடைக்காதவன்.

ஒன்பதரைக்குச் சுஹறா இறங்கி வந்தாள். முகமெல்லாம் வியர்த்து, கண் பளபளத்தது.

"மஞ்சள் படகுப் படத்துக்கு இதுவரைக்கும் சொன்னதைவிட நல்லதா ஒண்ணு கிடைச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள் அட்டியைப் பார்த்து நின்றாள். "இது இப்படித்தான் வைக்கணுமா?"

"வேற எப்படி வைப்பாங்க? எங்க வாப்பா காலத்துல இந்த ஹால்ல இப்படித்தான் அரிசி நின்னுச்சு."

"சார் இறக்கி மட்டும் வைக்கச் சொன்னாரு."

"இறக்கித்தான் வச்சிருக்கோம். மாடிக்கா ஏத்தினோம்?"

அவள் ஒருமுறை சுற்றி வந்தாள். சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், மேற்கொண்டு கேட்கவில்லை. வீட்டிலிருந்து கொண்டு வந்த முட்டைப் பத்திரிப் பலகாரத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். பால் விடாத கட்டன் சாயா வந்தது. கடல் பக்கம் வானம் கறுத்து, ஐப்பசி மழைக்கு முந்தைய புழுக்கம் ஆளை அவித்தது. நாங்கள் எட்டுப் பேரும் ஒரு கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தோம்.

பத்தரைக்குக் கார் வந்தது.

ரோசிலி டீச்சருக்கு ஐம்பது வயதிருக்கும். வெட்டிவிட்ட நரைத்தலை, ஆண்பிள்ளைச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. ஹாலுக்குள் நாலடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்த ஸ்ரீகண்டனின் முகத்தில் ரத்தமே இல்லை.

டீச்சர் அட்டியை மெதுவாகச் சுற்றி வந்தார். குனிந்து ஒரு தையலை விரலால் தடவினார்.

"யார் தச்சது?"

கோயாமு ஒரு அடி முன்னால் வந்தார். பாராட்டு வரப்போகிறது என்று அவர் முகமே சொன்னது. "நான்தான் டீச்சர். இருபத்துமூணு கிழிசல். ஏத்தின இடத்துல எவனோ கொக்கி போட்டுட்டான்."

"நல்லாத் தச்சிருக்கீங்க" என்றார் டீச்சர். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "கிழிச்சது நான்."

கோயாமு தையலைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார்.

"எந்தச் சாக்கை எங்க கிழிக்கணும், எவ்வளவு கிழிக்கணும்னு நாலு மாசம் யோசிச்சுக் கிழிச்சேன். அந்த உமி தரை பூரா சிந்திக் கிடக்கணும். சாக்கெல்லாம் அங்கங்க விழுந்து கிடக்கணும். அதுதான் இங்க வைக்க வேண்டியது."

"நாலு மாசமா?" என்றான் வேலாயுதன். "எங்க குடோன் எலிகிட்டச் சொல்லியிருந்தா ஒரே நாள்ல முடிச்சுக் குடுத்திருக்குமே டீச்சர்."

கோயாமு அவனை முறைத்த முறைப்பில் அவன் தூணுக்குப் பின்னால் போனான்.

ஸ்ரீகண்டன் கத்துகிற ஆள் இல்லை. சுஹறாவைப் பார்த்துத் தணிந்த குரலில்தான் சொன்னார். "வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்னு உங்ககிட்டத்தானே சொன்னேன். நீங்க இங்க நின்னீங்களா?"

"மேல இருந்தேன் சார். சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"சரி. சாயங்காலம் சுத்திக் காட்டறதை நானே பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். சுஹறா முந்தானையைப் பிடித்து முறுக்கினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊசி என் ஊசி அல்லவா.

ஆனால் அவள் அழவில்லை. "சார், இப்ப மணி பத்தே முக்கால்" என்றாள். "திறப்பு நாலு மணிக்கு. மூணு மணிக்குள்ள டீச்சர் சொல்ற மாதிரி ஹாலை ஆக்கிட்டா?"

ஸ்ரீகண்டன் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தோளைக் குலுக்கினார். "ஆக்க முடிஞ்சா எனக்குச் சந்தோஷம்தான்."

"மூணு மணிக்குப் பாக்கலாம்" என்றார் ஸ்ரீகண்டன்.

சுஹறா கோயாமுவின் பக்கம் திரும்பினாள். கோயாமு அதற்குள் முற்றத்துக்குப் போய்விட்டார். அவள் பின்னாலேயே போனாள். அங்கே நடந்த சண்டையை நான் மட்டுமல்ல, தெருவே கேட்டது.

"வாங்க, அட்டியை இறக்கிப் பிரிச்சிடலாம்."

"அட்டியை இறக்கச் சொல்றேன். பசங்க இறக்குவாங்க. தையலைப் பிரிக்கறதுக்கு என்னைக் கூப்பிடாத."

"நீங்க தச்சதுதானே."

"நான் தச்சதாலதான் சொல்றேன். கிழிஞ்ச சாக்கைப் பாத்தா தைக்கணும், அதுதான் இந்தத் தொழில்ல முதல் நாள் சொல்லிக் குடுத்தது. முப்பது வருஷத்துல ஒரு சாக்குக்குக் கொக்கி போட்டதில்ல நான். இப்ப கத்தியை எடுத்துக் கிழின்னா எப்படிடீ?"

"இது அரிசி இல்லையே, வெறும் உமி."

"சாக்கு சாக்குதான்."

"ஆறு வருஷம் இந்தத் தரையைத் தொடச்சேன்" என்றாள் சுஹறா. "தொடச்சுக்கிட்டே தரையை மட்டும்தான் பாத்தேன்னு நினைச்சீங்களா? ஒவ்வொரு படமும் என்ன சொல்லுதுன்னு எனக்கு நானே கேட்டுக் கேட்டு வச்சிருக்கேன். இன்னைக்கு நாலு மணிக்கு அதைச் சொல்லலைன்னா நாளைக்கும் நான் பக்கெட்டைத்தான் தூக்கணும். உங்க ஒரு தையலுக்காகவா?"

"உனக்காகத்தான்டீ தச்சேன்" என்றார் கோயாமு. "நீ நிக்கற இடம் கிழிசலா இருக்கக்கூடாதுன்னு தச்சேன்."

அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. சட்டையை உதறிக்கொண்டு தெருவில் இறங்கி வீட்டைப் பார்த்துப் போய்விட்டார். "நான் வரமாட்டேன், சாயங்காலமும் வரமாட்டேன்" என்று திரும்பாமலே சொன்னார்.

சுஹறா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, கத்திரி இருக்கா?"

கடையைப் பூட்டிவிட்டு இரண்டு கத்திரிகளோடு நானும் போனேன். அன்று டெலிவரி சொல்லியிருந்த மூன்று ஜாக்கெட்டுகள் அப்படியே கிடந்தன. கிடக்கட்டும்.

வேலாயுதனும் மற்ற நால்வரும் அட்டியை இறக்கினார்கள். நானும் சுஹறாவும் எதிரெதிரே உட்கார்ந்து பிரித்தோம். ஒவ்வொரு தையலாக வெட்டி, நூலை உருவி எடுத்தோம். உமித் தூசி மூக்கில் ஏறி நான் தும்ம, அவள் தும்ம, சாக்குகளே தும்மின மாதிரி இருந்தது. மழை பிடித்துக்கொண்டது. ஓட்டில் விழுந்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. எனக்கு என்னவோ இருபது வயசு குறைந்துவிட்டது.

"டீச்சர், இதைப் பத்தி நான் என்ன சொல்லணும்?" என்று சுஹறா கேட்டாள். "மத்ததுக்கெல்லாம் எங்கிட்டப் பேச்சு இருக்கு. இது இன்னைக்குத்தான் வந்திருக்கு. இதுதான் முதல் ஹால்."

டீச்சர் எங்களோடு உட்கார்ந்து நூல் உருவிக்கொண்டிருந்தார். "ஸ்ரீகண்டன் ஒரு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்காரு. நான் படிச்சேன், எனக்கே புரியல. நீங்க பாத்துட்டு உங்களுக்குத் தோணுறதைச் சொல்லுங்க."

"உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"சொல்ல வராததாலதான் சாக்கு வாங்கினேன்."

ஒன்றரை மணிக்குப் பிரித்து முடித்தோம். அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். சாக்குகளை அங்கங்கே போட வேண்டும். ஐந்து பேருக்கும் அது வரவில்லை. எங்கே கொண்டு போய் வைத்தாலும் சாக்கு நேராக நின்றது, வாய் ஒரே பக்கம் பார்த்தது. இரண்டாவது சாக்கு முதல் சாக்கோடு தானாக ஒட்டிக்கொண்டது.

"கோணலா வைங்க" என்றார் டீச்சர்.

"கோணலாத்தான் வச்சேன் டீச்சர்" என்றான் வேலாயுதன். "நான் திரும்பறதுக்குள்ள கை நேராக்கிடுது. இந்தக் கையை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

டீச்சர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு எல்லாச் சாக்கையும் பின்கதவுப் பக்கம் கொண்டு போகச் சொன்னார். "ஆளுக்கு ஒரு சாக்கு தோள்ல ஏத்திக்கிட்டு வழக்கம்போல நடங்க. நான் எப்பவாவது கையைத் தட்டுவேன். தட்டினதும் எங்க இருக்கீங்களோ அங்கேயே போட்டுட்டு வாசலைப் பாத்து ஓடுங்க. திரும்பிப் பாக்காதீங்க."

முதல் தடவை ஓடிப்போய் முற்றத்து மழையில் நின்று சிரித்தார்கள். இரண்டாவது தடவையும் சிரித்தார்கள். வேலாயுதன் வழுக்கி விழுந்து எழுந்தான். நாலாவது, ஐந்தாவது தடவைக்குப் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கைதட்டல் எப்போது வரும் என்று தெரியாமல் நடக்கிற கால் வேறு மாதிரி நடந்தது. சாக்குகள் விழுந்து, உருண்டு, கிழிசல் வழியாக உமியைக் கக்கின. பதினேழு தடவை ஓடினார்கள். கடைசியில் டீச்சர் தட்டிய கையை இறக்காமல் நின்றார். "போதும்" என்றார்.

மூன்று மணிக்கு ஸ்ரீகண்டன் வந்து பார்த்தார். அவருக்கு மூச்சு திரும்பிய மாதிரி இருந்தது.

"சரி சுஹறா, நீங்களே காட்டுங்க. ஆனா முதல் ஹால்ல நான் பக்கத்துல நிப்பேன். நீங்க தடுமாறினா நான் எடுத்துக்குவேன், அதுக்கப்புறம் முழுசும் நான்தான்."

நாலு மணிக்கு மழை விட்டு ஊர் முழுக்க வந்துவிட்டது. நகராட்சித் தலைவி, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், மீன் மார்க்கெட்டுக்காரர்கள், இறால் கொட்டகையில் சுஹறாவோடு வேலை பார்த்த பெண்கள் எல்லோரும் வாசலில் நெருக்கினார்கள். சுஹறா வீட்டுக்குப் போய்க் குளித்து, பச்சைச் சேலை கட்டி வந்திருந்தாள். கோயாமுவைக் காணவில்லை. அவள் வாசலை நாலு தடவை பார்த்தாள்.

ரிப்பன் வெட்டியாயிற்று. முதல் கூட்டமாக நாற்பது பேரை உள்ளே விட்டார்கள். சாக்குகளுக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். சுஹறா வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. ஒரு மாதமாகச் சுவர் வழியாக ஓயாமல் கேட்ட குரல் அது. ஸ்ரீகண்டன் சட்டைப் பையிலிருந்து தன் காகிதத்தை எடுத்துப் பிரித்தார்.

"பாருங்க" என்றாள் சுஹறா கடைசியில். "இதுக்கு நான் ஒண்ணும் தயார் பண்ணல. பாத்து என்ன தோணுதோ சொல்லுங்க."

"கூட்ட மறந்துட்டாங்களா?" என்று நகராட்சித் தலைவி கேட்டார். கூட்டம் சிரித்தது. "அரிசி மில்லு" என்றான் ஒரு பையன். இன்னும் சிரிப்பு. ஸ்ரீகண்டன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயாமு உள்ளே வந்தார். எப்போது வந்தாரோ, நீலச் சட்டை மழையில் நனைந்து ஒட்டியிருந்தது. சுஹறாவை அவர் பார்க்கவில்லை. தன் தையல் போன சாக்குகளைப் பார்த்தார். ஒன்றின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். முகத்தில் கோபம்தான் இருந்தது. சாக்கையும் உமி சிந்திய போக்கையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போனது.

"இது வச்ச சாக்கு இல்ல" என்றார்.

"பின்ன?" என்றாள் சுஹறா.

"தோள்ல இருந்து விழுந்தது. வச்சிருந்தா அடி தட்டையா இருக்கும், இது பக்கம் அமுங்கியிருக்கு. இவன் வாசலைப் பாத்து ஓடியிருக்கான்." எழுந்து இன்னொரு சாக்கிடம் போனார். "இவன் நடந்துக்கிட்டே விட்டுட்டான். இங்க பாரு, ரெண்டு பேர் எதிரெதிரா வந்திருக்காங்க, இடிச்சிருக்காங்க. ஏதோ வந்திருக்கு. தீயா, தண்ணியா, ஏதோ ஒண்ணு வந்திருக்கு."

சிரிப்பு எப்போதோ நின்றுவிட்டது. சுஹறா அவர் பின்னாலேயே போய், அவர் காட்டிய ஒவ்வொரு சாக்கையும் பார்த்தாள்.

"அப்புறமா யாராவது வந்து எடுத்து வச்சிருப்பாங்கல்ல?" என்று கேட்டாள்.

கோயாமு நின்றார். "உயிரோட இருக்கற எவனும் சரக்கை இப்படி விட்டுட்டு இருக்கமாட்டான்டீ. திரும்பி வந்து எடுத்து அடுக்குவான். கிழிஞ்சதைத் தைப்பான்." டீச்சர் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது நடந்த குடோன்ல எத்தனை பேர் வேலை பாத்தாங்க?"

ரோசிலி டீச்சர் கதவோரம் நின்றிருந்தார். "பதினோரு பேர்" என்றார். "எங்க ஊர்ல, வெள்ளம் வந்தப்ப."

"எத்தனை பேர் வெளிய வந்தாங்க?"

"ஏழு."

ஸ்ரீகண்டன் எதையோ விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். சுஹறா அவர் பக்கம் திரும்பாமலே கையைத் தூக்கினாள். "இருங்க சார். பாக்கட்டும்."

அவர் நிறுத்திக்கொண்டார். நாற்பது பேரும் பார்த்தார்கள். பிள்ளைகள்கூட அசையவில்லை. கோயாமு தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டார், இறந்தவர்களின் கபர் முன்னால் நிற்கும்போது கட்டுகிற மாதிரி. அவருக்குப் பக்கத்தில் வந்து நின்ற வேலாயுதன், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று எனக்குத் தெரியாது. அதை முடிக்க வேண்டிய நேரம் சுஹறாவுக்குத் தெரிந்திருந்தது.

"வாங்க" என்றாள். "அடுத்த அறைக்குப் போகலாம். உமியை மிதிக்காம வாங்க."

ஸ்ரீகண்டன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக அவள் பின்னால் நடந்தார்.